விழுதலும் மக்குதலும்

'டிகே' (decay) என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், லத்தீனில் கீழே விழுதலைக் குறிக்கும் ஒரு வினை. சொத்தைப் பல், பாழடைந்த நகரம், தளர்ந்துபோன பேரரசு எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே வரும். தமிழில் அது செல்லாது. நம் வீடுகளில் பழம் அழுகும், சோறு ஊசிப்போகும், உத்தரம் உளுத்துப்போகும், பழம்புடவை இற்றுப்போகும், குப்பைக்குழியில் இலை மக்கும். இந்தக் கடைசிச் சொல்மீது எனக்குத் தனி மதிப்பு. அழுகியது நாறும், மக்கியது உரமாகும். அழிவிலும் இப்படி வேறுபாடு கண்டு பெயர் வைத்தது மண்ணோடு பழகிய அறிவு.

இயற்பியலில் 'டிகே' என்பதைச் 'சிதைவு' என்கிறோம். கார்பன்-14 அணுக்களில் பாதி சிதைய ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆகும். கீழடி அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று காட்டியதும் அந்தச் சிதைவுக் கணக்குதான்.

மொழிபெயர்க்கும் நண்பர்களே, இந்த ஆங்கிலச் சொல் எதிர்ப்பட்டால் அகராதி தரும் முதல் பொருளோடு நின்றுவிடாதீர்கள். கெடுவது பல்லா, மரமா, ஊரா, அணுவா என்று பாருங்கள்; அதற்குரிய சொல் தமிழில் இருக்கிறது.