கண்களை எண்ணி வெட்டுகிறவர்



புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். கனி, பெருக்கம் என்று வந்தால் சந்தோஷமாய் "ஆமென்" சொல்லுகிறோம். ஆனால் யோவான் 15-ம் அதிகாரத்தைக் கவனியுங்கள். பிதாவாகிய தோட்டக்காரர் கனியற்ற கொடியின் மேல் மாத்திரமா கை வைக்கிறார்? கனி கொடுக்கிற கொடியின் மேலும் வைக்கிறார்! ஏன்? அதிகக் கனிக்காக.

சென்ற மாதம் உபவாச ஜெபத்தில் ஒரு சகோதரி கண்ணீரோடு கேட்டார்கள்: "பாஸ்டர், நான் பின்மாறிப் போகலையே. ஜெபிச்சேன், காணிக்கை கொடுத்தேன். என்னை ஏன் கர்த்தர் வெட்டினாரு?" இந்தக் கேள்வி நம்மில் அநேகருக்கு உண்டு.

நம் செங்கம் பக்கம் நெல்லும் மல்லாட்டையும், ஜவ்வாது மலைமேல் சாமையும் பார்த்துப் பழகின கண்களுக்குத் திராட்சைப் பந்தல் புதிது. நான் பிறந்து வளர்ந்தது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில். 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் பூமி அது. எங்களுக்கும் ஒரு சிறிய தோட்டம் இருந்தது. டிசம்பர், ஜனவரி பனியில் கவாத்து நடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பழம் வரும்.

குளிர் தேசங்களில் பனிக்காலத்தில் இலை தானாய் உதிர்ந்து கொடி தூங்கிவிடும். நம் நாட்டுச் சூட்டில் கொடிக்குத் தூக்கமில்லை. விட்டுவிட்டால் இலையும் தழையுமாய் ஓடிக்கொண்டே இருக்கும், பார்க்க அழகாய் இருக்கும், பழம் குறைந்துபோகும். அங்கே குளிர்காலம் செய்கிற வேலையை இங்கே தோட்டக்காரனின் கத்தரிதான் செய்யவேண்டும்.

அப்போது எனக்கு ஏழெட்டு வயது. அப்பா கத்தரியோடு முன்னே போவார். அம்மா வெட்டின குச்சிகளை அள்ளிக் கட்டுவார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த பசையைச் சிரட்டையில் ஏந்திக்கொண்டு பின்னால் போவது என் வேலை. நேற்றுவரை நிழலாயிருந்த பந்தல் வெறுங்குச்சியாய் நிற்கும். சில கொடிகளில் வெட்டின வாயிலிருந்து நீர் சொட்டும். "அப்பா, கொடி அழுவுதுப்பா" என்பேன்.

"எலையப் பாக்காத தம்பி, கண்ணைப் பாரு. நாலு கண்ணு விட்டுத்தான வெட்டிருக்கேன்" என்பார் அப்பா.

கொடியில் துளிர் விடுகிற மொட்டுக்குக் கண் என்று பேர். திடமான குச்சியில் நாலைந்து கண் விடுவார். மெலிந்த குச்சியில் ஒன்றோ இரண்டோ மாத்திரம். அந்தப் போகத்தில் அதனிடம் பழம் கேட்கமாட்டார். தெம்பு வந்தால் போதும் என்று விடுவார். நம் பரம தகப்பனும் பெலவீனரிடம் பெலசாலியின் கனியைக் கேட்கிறதில்லை. ஸ்தோத்திரம்!

பிரியமானவர்களே, ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லவேண்டும். வந்த நஷ்டமெல்லாம் கவாத்து அல்ல. வேலி தாண்டி மாடு புகுந்து மேய்ந்தாலும் கொடி மொட்டையாகும். அதற்குக் கவாத்து என்று யாரும் சொல்லுவதில்லை. குடியினால் வந்த கடனை, "கர்த்தர் என்னைச் சுத்தம்பண்ணுகிறார்" என்று சொல்லாதிருங்கள். அதற்கு மனந்திரும்பி வேலியை அடையுங்கள். திருடன் வருகிற நோக்கம் வேறு என்று யோவான் 10-ம் அதிகாரம் சொல்லுகிறதல்லவா?

அப்படியானால் தோட்டக்காரரின் கையை எப்படி அறிவது?

மாடு கண்களை எண்ணாது. அவர் எண்ணி, மீதி வைத்து வெட்டுகிறார். உங்களில் துளிர்க்கிற ஜெபம் ஒன்று மீந்திருக்கிறதா? அது அவர் விட்டுவைத்த கண்.

மாடு மருந்து பூசாது. அவர் வெட்டின இடத்திலேயே தம்முடைய வசனத்தைப் பூசுகிறார்.

மாடு தண்ணீர் பாய்ச்சாது. எங்கள் அப்பா கவாத்து முடிந்ததும் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவார். நம் தேவன் பரிசுத்த ஆவியாகிய நதியைத் திறந்துவிடுகிறார். அல்லேலூயா!

அந்தச் சகோதரியோடு முழங்காலில் நின்றேன். அவர்கள் இழந்தது ஏன் என்று விளக்க எனக்கு வார்த்தை இல்லை. "மீதி வைத்திருக்கிற கண்ணைக் காட்டும் ஆண்டவரே" என்று மாத்திரம் ஜெபித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர்கள் ஜெபத்துக்கு வந்தார்கள். அதுவே ஒரு துளிர்.

பழைய குச்சியில் விட்ட கண்ணிலிருந்து வருகிற புதுத் துளிரில்தான் குலை தொங்கும். ஆகையால், வெட்டுண்டவர்களே, செடியைவிட்டுப் போகாதிருங்கள். எழுப்புதல் வேண்டுமென்று கேட்கிற நம் சபை, இலைகளை அவர் கையில் ஒப்புக்கொடுக்கட்டும்.

"பிதாவே, எங்களை எண்ணி வெட்டுகிறவர் நீர். உம் கையை நம்புகிறோம். உம் குமாரனில் எங்களை நிலைக்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்."