சத்துருவுக்கும் ஆசீர்வாதமா?

இசையாஸ் ஆகமம் 19-ம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களை நாம் வாசித்துவிட்டு எளிதில் கடந்து போகிறோம். அவற்றை முதன்முதல் கேட்ட யூத ஜனங்களால் அப்படிக் கடந்து போக முடிந்திராது.

எஜிப்து அவர்களுடைய முன்னோர் அடிமைப்பட்டுக் கிடந்த நாடு. அசீரியாவோ அதிலும் கொடியது. கி.மு. 722-ம் ஆண்டையொட்டிச் சமாரியாவைப் பிடித்து, குடிகளை நாடு கடத்தியது. கி.மு. 701-ல் யூதா நாட்டின் அரணுள்ள பட்டணங்கள் 46-ஐப் பிடித்ததாகச் செனாக்கெரிப் அரசன் தன் சாசனத்தில் பெருமை பேசுகிறான். லாக்கீஸ் பட்டணம் விழுந்த காட்சியை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கியும் வைத்தான். கழுவில் ஏற்றப்பட்ட மனிதர், மாட்டு வண்டியில் சிறைப்பட்டுப் போகும் பெண்கள், பிள்ளைகள், எல்லாம் அதில் உண்டு. அந்தக் கற்கள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

இந்த இரு நாடுகளுக்கும் இடையே ஒரு பெரும்பாதை உண்டாகும், இரு ஜனங்களும் ஒன்றாய் ஆண்டவரைத் தொழுவார்கள், இஸ்ராயேல் மூன்றாவதாக அவர்களோடு சேரும் என்கிறார் தீர்க்கதரிசி. அதோடு விட்டாரா? 'என் ஜனம்' என்ற பெயர் எஜிப்துக்கு! 'என் கைவேலை' என்பது அசீரியாவுக்கு! வீட்டுப் பிள்ளையின் செல்லப்பெயரைச் சொல்லித் தகப்பன் பகைவனைக் கூப்பிட்டால் பிள்ளைக்கு எப்படியிருக்கும்?

பொறுக்க முடியவில்லை போலும். கிறிஸ்து பிறக்குமுன் யூதர்களே செய்த கிரேக்க மொழிபெயர்ப்பில், அந்த ஆசீர்வாதம் எஜிப்திலும் அசீரியாவிலும் வசிக்கும் இஸ்ராயேலருக்கு உரியதாக மாறிவிட்டது. பிற்கால அரமேய மொழிபெயர்ப்பும் அவ்விதமே வளைத்தது. அர்ச். எரோணிமுஸ் தம் லத்தீன் மொழிபெயர்ப்பில் எபிரேய மூலத்தையே ஒட்டி நின்றார். வளைத்தவர்களைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. நமக்குத் தீங்கு செய்தவனுக்காக வேண்டிக்கொள்ளும்போது, "அவன் முதலில் வந்து நம்மிடம் மன்னிப்புக் கேட்கட்டும்" என்று நாமும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறவர்கள்தானே?

அப்படியானால் லாக்கீஸில் கழுவேறியவர்களுக்கு நியாயம் எங்கே? கேட்க வேண்டிய கேள்விதான். இதே ஆகமத்தின் 10-ம் அதிகாரத்தில் அசீரியாவின் அகந்தைக்குக் கடுந்தண்டனை கூறப்பட்டிருக்கிறது. எஜிப்தையும் ஆண்டவர் அடித்த பிறகே குணப்படுத்துகிறார். குற்றத்தை அவர் மறைக்கவில்லை. அடிக்கிற கையே மருந்தும் இடுகிறது. பாதிக்கப்பட்டவனுக்கு விழுங்கக் கடினமானது அந்த மருந்துதான்.

நினிவே கி.மு. 612-ல் அழிந்தது. எபிரேய வசனம் மாறாமல் நிலைத்தது. அதைத் தலைமுறை தலைமுறையாக, ஓர் எழுத்தும் விடாமல் பார்த்து எழுதிக் காத்தவர்கள், அசீரியனால் அடிபட்ட அந்த ஜனத்தின் சந்ததியாரே.