எண்ணியவரின் கடன்

குளுக்கோஸ் 75 கிராமைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுக்கிறார்கள். ஒரு டெசிலீற்றரில் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ சீனி இருந்தால் நீரிழிவு என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் உம்மாவின் கிளினிக் கொப்பியிலும் அப்படித்தான் எழுதினார்கள். ஏன் 200? ஏன் 180 இல்லை, 220 இல்லை? இந்தக் கேள்வியின் பின்னால் போனால் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில், கிலா ஆற்றங்கரையில் போய் நிற்போம்.

அங்கு வாழும் பழங்குடியினரை உலகம் பிமா என்கிறது. அவர்கள் தம்மை அழைத்துக்கொள்வது அக்கிமெல் ஓஓதம் என்று. ஆற்று மக்கள் என்பது பொருள். 1963இல் பீற்றர் பெனற் என்ற ஆய்வாளரின் குழு அங்கு சென்றது மூட்டுவாதத்தைப் பற்றி அறியத்தான். கண்டதோ நீரிழிவு. 1965 முதல் 2007 வரை, ஐந்து வயது தொடங்கி எல்லோரும் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். 35 வயதைத் தாண்டியோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இந்த வருத்தம் இருந்தது. அவர்களது இரத்தச் சீனி அளவுகளை வரைபடமாக்கியபோது இரண்டு மேடுகளும் நடுவே ஒரு பள்ளமும் தெரிந்தன. பள்ளத்துக்கு அப்பால் நின்றவர்களுக்கே பெரும்பாலும் விழித்திரை பழுதாகியது. 200 என்ற எல்லைக்கு அந்தப் பள்ளம் முக்கியமான ஆதாரங்களுள் ஒன்று. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் நீரிழிவு இருந்தால் பிள்ளைக்கும் பிற்காலத்தில் அது வரும் ஆபத்துக் கூடும் என்பதையும் இந்த மக்களிடமிருந்தே பெரிதும் கற்றுக்கொண்டோம்.

இதை உம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப அந்தச் சனத்துக்குச் சுகமாகிட்டுதா மகன்?" என்று கேட்டார்.

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

நோய்ப்பரவலை ஆராய்பவர் கட்டிலருகே நிற்கும் வைத்தியர் அல்லர். ஓர் ஊரே அவரது நோயாளி. எண்ணுவதே அவரது தொழில். அதன் பலன் இன்னும் நோயுறாதவர்களுக்கு, சிலவேளை வேறொரு தேசத்தாருக்குப் போய்ச் சேரும். இதில் தவறொன்றும் இல்லை. எண்ணாமல் விட்டிருந்தால் உம்மாவின் கண்களுக்கும் காவல் இருந்திராது. ஆனால், தம் இரத்தத்தைத் தந்தவர்களின் பெயர் பாடநூல்களில் ஒரு நோயின் பெயராகவே மாறிவிடும்போது, எண்ணியவர் அவர்களுக்கு ஏதும் கடன்பட்டிருக்கிறாரா?

பட்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். அந்தக் கடன் மருந்து கொடுப்பதோடு தீர்வதுமில்லை. காரணத்தை எங்கே தேடுகிறோம் என்பதிலேயே அது தொடங்குகிறது. 1962இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர், பஞ்ச காலத்துக்கெனச் சேமித்து வைக்கும் மரபணு ஒன்று உணவு மலிந்த காலத்தில் நோயாகிறது என்றொரு கருதுகோளை முன்வைத்தார். பிறகு அது இந்த மக்கள்மீது ஒட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்நிலத்தில் குடியேறியவர்கள் கிலா ஆற்றைத் தம் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டதும், தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தவர்கள் பட்டினி கிடந்ததும், பின்னர் அரசாங்கம் பங்கிட்ட வெள்ளை மாவுக்கும் பன்றிக் கொழுப்புக்கும் சீனிக்கும் பழகியதும் அந்தக் கதையில் அடிக்குறிப்பாகிவிட்டன.

ஆய்வாளர்களுக்கு அநீதி செய்யலாகாது. மெக்சிக்கோ மலைகளில் மைக்கோபா என்ற ஊரில் வாழும் பிமா உறவினரைத் தேடிப்போய் எண்ணியவர்களும் அவர்கள்தான். 2006இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், உடலுழைப்போடு பயிர் செய்து வாழ்ந்த மைக்கோபாக்காரரில் 6.9 வீதத்தினருக்கே நீரிழிவு இருந்தது. அரிசோனாவிலோ 38 வீதம். இரத்தம் ஏறக்குறைய ஒன்று, வாழ்வு வேறு.

நடந்து, எடை குறைத்து, உணவை மாற்றினால் புதிதாக நோய் வருவது 58 வீதம் குறையும் என்று 2002இல் இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. உண்மைதான். ஆனால் வாய்க்கால் வற்றிப்போனவனிடம் காய்கறி தின்னச் சொல்வது எனக்கு ஒருபோதும் எளிதாகத் தோன்றியதில்லை. நோயின் காரணத்தை அறிந்திருப்பதும் ஓர் அமானிதமே. தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்தால், அதை நீரிழிவுச் சஞ்சிகையில் மட்டுமா எழுதி வைப்பது? அது தன் துறையல்ல என்று ஆய்வாளர் சொல்லக்கூடும். சொல்லவும் உரிமை உண்டு.

2004இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின் வழியே கிலா ஆற்று மக்கள் தம் நீர் உரிமையைப் பெருமளவு மீட்டுக்கொண்டார்கள். பல தசாப்தங்களாக அதற்கு வழக்காடியவர்கள் அவர்களேதான்.