நிரப்பப்படாத கட்டம்

தந்தையின்றிப் பிறந்த குழந்தை உலகில் இல்லை. தந்தை இன்னாரென அறியப்படாத குழந்தைகள் உளர். முன்னது இயற்கையின் நியதி. பின்னது மனிதன் எழுதும் ஏட்டின் நிலை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் விளையும் பிழை, கணிப்பொறி வந்தபின் கூர்மை பெற்றிருக்கிறது.

மாணவர் சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். 'தந்தை' என்னும் கட்டம் வெறுமையாயின் கணிப்பொறி படிவத்தை ஏற்க மறுக்கிறது. எதிரே தாய் தலைகுனிந்து நிற்கிறாள். ஆசிரியர் தாய்மாமன் பெயரை எழுதுவார். அன்றேல் ஒரு புள்ளி வைப்பார். படிவம் நிறைந்தது, உண்மை குறைந்தது. மலேசியத் தமிழர் பெயரோடு மகன், மகள் எனப் பொருள்படும் மலாய்ச் சுருக்கமும் தந்தை பெயரும் தொடர்ந்து வருவதால், இக்கட்டத்தின் சுமை இந்நாட்டில் சற்று மிகுதி. மலாயாவில் 1957இல் இயற்றப்பெற்ற பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ, மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு, தாயும் தம்மைத் தந்தையென ஏற்பவரும் சேர்ந்து வேண்டினாலன்றி, எவர் பெயரையும் தந்தையெனப் பதிவாளர் எழுதலாகாது என்றது. வெறுமைக்கும் ஒரு மதிப்பு உண்டெனச் சட்டம் அறிந்திருந்தது.

1970இல் ஐபிஎம் நிறுவனத்து அறிஞர் எட்கர் காட், செய்திகளை அட்டவணைகளாக்கி ஒன்றோடொன்று இணைக்கும் முறையை வகுத்தார். குழந்தையின் வரிசையில் தந்தையின் எண் நிற்கும். அதுவே அயல் திறவுகோல். அவ்விடம் வெறுமையாயின் அது சுழியன்று, 'தெரியாது' என்பதன் குறி. தந்தை தெரியாத இரு குழந்தைகள் ஒருவர் மக்களா என வினவினால், அட்டவணை 'ஆம்' என்னாது, 'இல்லை' என்றும் கூறாது. எத்துணை அடக்கம்! மாறாக, 'அறியப்படாதவர்' எனப் பொய்த் தந்தை ஒருவரைப் படைத்து எல்லாரையும் அவரோடு இணைத்தால், தொடர்பற்ற குழந்தைகள் யாவரும் உடன்பிறந்தாராகி விடுவர்.

ஆயின் வெறுமை எங்கும் நன்றன்று. மாணவன் இன்றி மதிப்பெண் இல்லை. அங்கு வெறுமையை அனுமதிப்பது அடக்கமன்று, அசட்டை. இவ்வசட்டை பெரும்பாலும் தீய எண்ணத்தால் வருவதில்லை; வசதியால் வருகிறது. நிரலில் உள்ள பொருள்களை அட்டவணைகளில் எழுதும் இடைக்கருவிகள் உள. 2001இல் தோன்றிய ஹைபர்நேட் அவற்றுள் ஒன்று. மாணவன் மட்டுமே தன் மதிப்பெண்களை அறிவான், மதிப்பெண் மாணவனை அறியாது என உறவை ஒருபுறமாக அமைத்தால், கருவி முதலில் மாணவன் எண் இல்லாமலே மதிப்பெண்ணை எழுதும். பிறகு வந்து எண்ணைச் சேர்க்கும். இடையே அது ஒரு கணம் அனாதை. வெறுமை கூடாதெனக் காக்கும் அட்டவணை அக்கணத்திலேயே மறுத்து விடுகிறது. உடனே நிரலாளர் செய்வது யாது? காவலைத் தளர்த்துகிறார். ஒரு கணத்துக்காகத் திறந்த கதவு பின்னர் மூடப்படுவதே இல்லை. முறையான வழியோ எளிது: உறவைப் பேணும் பொறுப்பை மதிப்பெண்ணின் பக்கம் வைப்பது, அன்றேல், அவ்விடம் வெறுமை ஏற்காது எனக் கருவிக்கே முன்கூட்டிச் சொல்வது. அப்போது முதல் எழுத்திலேயே மாணவன் எண்ணும் சேர்ந்து வரும்.

காட் தம் 1990ஆம் ஆண்டு நூலில், உண்டு எனினும் தெரியாதது, பொருந்தவே பொருந்தாதது என வெறுமையை இருவகைப்படுத்தினார். அவர்தம் தோழர் கிறிஸ் டேட்டோ வெறுமைக் குறியே வேண்டா என வாதிட்டார். அவர் கருத்தைத் தழுவின், தந்தை உறவைத் தனி அட்டவணையில் வைக்கலாம். தெரிந்தவர்க்கு அங்கே வரிசை உண்டு, தெரியாதவர்க்கு வரிசையே இல்லை. அவ்வாறு அமைந்த பள்ளி ஏட்டில் அக்குழந்தையின் பக்கத்தைப் புரட்டும் ஆசிரியர், பெயரையும் பிறந்த நாளையும் தாயையும் காண்பார். நிரப்பக் காத்திருக்கும் கட்டம் எதுவும் அங்கே இராது.