வேறு வழியில்லை: ஒரு விளையாட்டும் ஓர் அறவினாவும்

மனிதர் தம் செயல்களுக்குக் கூறும் சமாதானங்களுள் 'வேறு வழியிருக்கவில்லை' என்பது மிகப் பழையது. மிக வலியதும் அதுவே. ஆட்குறைப்புச் செய்யும் முதலாளி இதனைக் கூறுகின்றான். மானியத்தை வெட்டும் அமைச்சர் கூறுகின்றார். போருக்குப் படையனுப்பும் தளபதியும் இதனையே கூறுகின்றான். தவறு செய்தவன் மன்னிப்புக் கேட்கின்றான். வேறு வழியில்லாதவனோ மன்னிப்புக் கேட்க வேண்டியவனல்லன். ஆதலால் இச்சொற்றொடர் எப்பொழுது உண்மை, எப்பொழுது பொய் என அறிந்துகொள்வது அறவியலாருக்கு மட்டுமன்றி, சமுதாய மாற்றத்தை வேண்டி நிற்கும் எவருக்கும் இன்றியமையாததாகும்.

இதனை ஆராய்வதற்குக் கணினி விளையாட்டொன்றை எடுத்துக்கொள்வது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். விளையாட்டென்றால் பொழுதுபோக்கு, பொழுதுபோக்கென்றால் சிந்தனைக்குப் பகை என்ற எண்ணம் எம்போன்ற ஆசிரியரிடையே வேரூன்றியுள்ளது. ஆயின், விளையாட்டு ஒவ்வொன்றும் உலகைப் பற்றிய ஒரு கருத்தைத் தன்னுள் கொண்டேயிருக்கின்றது. பரமபதத்தில் ஏணியும் பாம்பும் உருட்டும் காயின் வசப்பட்டவை. ஆடுபவனின் அறிவுக்கு அங்கே வேலையில்லை. ஆடுபுலி ஆட்டத்திலோ அனைத்தும் கண்முன்னே கிடக்கின்றன. தோற்றவன் தன் அறிவையன்றிப் பிறிதெதையும் நொந்துகொள்ள முடியாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது நான் கூறவந்த விளையாட்டு.

'ஒளியை விஞ்சும் வேகம்' எனப் பொருள்படும் 'ஃபாஸ்ரர் தான் லைற்' என்பது அதன் பெயர். சுருக்கமாக எஃப்.ரி.எல். என்பர். சங்காய் நகரில் பெரிய விளையாட்டு நிறுவனமொன்றிற் பணியாற்றிப் பின்னர் அதனைவிட்டு விலகிய ஜஸ்ரின் மா, மத்தியூ டேவிஸ் என்னும் இருவர், 'சப்செற் கேம்ஸ்' என்ற பெயரில் இதனை ஆக்கினர். 2012இல் பொதுமக்களிடம் 10,000 டொலர் நன்கொடை வேண்டிய அவர்களுக்கு 200,000 டொலருக்கு மேல் சேர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் விளையாட்டு வெளிவந்தது. இது ஒரு குலமரபைச் சேர்ந்தது. 1980ஆம் ஆண்டளவில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழக மாணவர் சிலர் 'றோக்' என்ற விளையாட்டை ஆக்கினர். ஒவ்வொரு முறையும் களம் புதிதாகத் தற்செயலால் அமைவதும், இறந்தால் மீளமுடியாதிருப்பதும் அதன் இரு பண்புகள். அவ்வழி வந்தவற்றையெல்லாம் 'றோக் போன்றவை' என்றே வழங்குகின்றனர்.

எஃப்.ரி.எல்.இல் ஆடுபவன் ஒரு விண்கப்பலின் தலைவன். கிளர்ச்சியாளரை வீழ்த்தக்கூடிய செய்தியொன்றை எட்டு மண்டலங்களைக் கடந்து தன் கூட்டாட்சியின் படையிடம் சேர்ப்பிக்க வேண்டும்; இறுதியில் கிளர்ச்சியாளரின் பெருங்கப்பலை எதிர்கொள்ள வேண்டும். முதலிற் கிடைக்கும் 'கெஸ்ரல்' என்னும் கப்பலில் மாலுமிகள் மூவரே உளர். எரிபொருள் குறைவு, ஏவுகணை குறைவு. தோற்ற கப்பல்களிலிருந்து திரட்டும் உலோகத்துண்டுகளே அங்கு நாணயம். அதைக்கொண்டுதான் ஆயுதம் வாங்கவும், கதவுகளை வலுப்படுத்தவும், மருத்துவ அறையைச் செம்மை செய்யவும் வேண்டும். ஒன்றை வாங்கினால் மற்றொன்றுக்கு இராது. பின்னாலோ கிளர்ச்சியாளரின் கப்பற்படை ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் நெருங்கிக்கொண்டேயிருக்கும். எவ்விடத்தும் தங்கி இளைப்பாற முடியாது. மாலுமி இறந்தால் இறந்தவன்தான். கப்பல் அழிந்தால் பயணம் முழுவதும் அழியும். தொடக்கத்திலிருந்தே மீண்டும் புறப்பட வேண்டும்.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இதனை எனக்கு அறிமுகஞ் செய்தான். புறப்படுமுன் மாலுமிகளுக்கு விரும்பிய பெயரைச் சூட்டலாம். நானும் பல்கலைக்கழகத்தில் என்னுடன் விடுதியறையைப் பகிர்ந்துகொண்ட நண்பர் மூவரின் பெயர்களைச் சூட்டினேன். நான்காம் மண்டலத்தில், பூச்சியினத்தையொத்த மான்ரிஸ் என்னும் போர்க்குணம் மிக்கவர் இருவர் என் கப்பலின் ஆயுத அறையினுட் புகுந்தனர். அங்கே நின்றவன் தனியனாய்ப் போராடினான். அவனை வெளியேற்றினால் அவர்கள் ஆயுதங்களை உடைத்துவிடுவர். எதிரிக்கப்பலோ எதிரே சுட்டுக்கொண்டிருந்தது. இவ்விளையாட்டில் தீயை அணைப்பதற்கும் உட்புகுந்தாரை ஒழிப்பதற்கும் ஓர் உபாயம் உண்டு. வெளிக்கதவுகளைத் திறந்துவிட்டால் அறையிலுள்ள காற்று வெளியேறிவிடும். நான் திறந்தேன். அவர்கள் இருவரும் மாண்டனர். என் நண்பனின் பெயரைத் தாங்கியவன் அவர்களுக்கு முன்னரே மாண்டான். கப்பல் தப்பியது.

"வேறு வழியில்லைத்தானே, சேர்? அது விதி" என்றான் அருகில் நின்ற மாணவன்.

அவனது சொல் எனக்கு ஆறுதலளித்தது. அவ்வாறுதலே பின்னர் என்னை உறுத்தியது.

விதியென்றால் யாது? மான்ரிஸ்கள் எந்த அறையிற் புகுவர் என்பது தற்செயலே. அது என் வசமில்லை. ஆயின், புகுந்தவரைத் தடுக்கவல்ல வலிய கதவுகள் என் கப்பலில் ஏன் இருக்கவில்லை? மூன்றாம் மண்டலத்துக் கடையிற் கதவுகளை வலுப்படுத்தப் போதிய பொருள் என்னிடமிருந்தது. நான் அதனைக் கொடுத்து இன்னுமோர் ஆயுதம் வாங்கினேன். ஆயுத அறையில் அவன் தனித்து நின்றதும் என் ஏற்பாடே. கதவைத் திறந்த கணத்தில் எனக்கு வேறு வழியிருக்கவில்லை என்பது உண்மை. அந்தக் கணத்தை நோக்கி நடந்துவந்தவன் நான் என்பதும் உண்மை.

இவ்விளையாட்டிற் கைதேர்ந்தோர், மிகக் கடினமான நிலையிலும் பெரும்பாலான பயணங்களில் வெற்றி பெறுகின்றனர். புதியவனோ மீண்டும் மீண்டும் தோற்று, "எனக்கு வாய்த்தது சரியில்லை" என்கின்றான். இருவருக்கும் தற்செயல் ஒன்றே. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் இருப்பதை முரண்பாடெனச் சிலர் காட்டுவதுண்டு. வாழ்வில் இரண்டும் உள என்பதை ஏற்பவனுக்கு அது முரண்பாடன்று. எது எங்கு முடிகின்றது, மற்றது எங்குத் தொடங்குகின்றது என்று காண்பதே அறிவுடையோன் பணி.

1976இல் பேர்ணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்னும் மெய்யியலாளர் இருவர் அறமும் தற்செயலும் பற்றிய விவாதமொன்றைத் தொடக்கிவைத்தனர். நேகல் காட்டிய உதாரணங்களுள் ஒன்று லொறிச் சாரதியினுடையது. தடுப்புக்கருவியைச் சோதித்துப் பார்க்காது அசட்டையாயிருந்த சாரதியின் முன்னே ஒரு குழந்தை ஓடிவருகின்றது, லொறி நிற்கவில்லை. குழந்தை குறுக்கே வந்தது தற்செயல். அதே அசட்டையுடன் அன்று வீதியிற் சென்ற வேறு சாரதிகள் எவரையும் கொல்லாது வீடு திரும்பியிருப்பர். அவர்களை எவரும் கொலைஞராகக் கருதார். எனினும், அந்தக் கணத்தில் மிதித்தும் நிற்கவில்லை என்று கூறித் தடுப்பைப் பாராதுவிட்ட நாட்களைச் சாரதி மறைத்துவிட முடியாது. என் கப்பலின் கதவுகள் அச்சாரதியின் தடுப்புக்கருவிகளே.

ஆயின், இத்துடன் நிறுத்திக்கொள்வோமாயின் நாம் பாதி உண்மையே கண்டவராவோம். தனிமனிதனின் முன்யோசனைக் குறைவே துன்பங்கள் அனைத்துக்கும் காரணமென்பது வசதிபடைத்தோர் விரும்பும் தத்துவம். வறியவன் சேமிக்கவில்லை, ஆதலால் வறியவனானான் என்பது அவர் வாதம். எனவே இன்னும் ஒருபடி கீழிறங்க வேண்டும்.

கதவுக்கும் ஆயுதத்துக்கும் ஒருங்கே போதாத அளவு பொருளே எனக்குக் கிடைக்கும்படி செய்தது யார்? இயற்கையன்று. மனிதர் இருவர் மேசையிலிருந்து அவ்வளவுகளை எழுதினர். அவர்கள் எழுதிய வேறு சிலவற்றையும் நோக்குக. எதிரிக்கப்பலைத் தகர்த்தால் கிடைக்கும் உலோகத்திலும், கப்பலைச் சிதைக்காமல் அதனுள்ளிருப்போரை மட்டும் கொன்றொழித்தால் கிடைப்பது பெரும்பாலும் அதிகம். அடிமை வணிகன் ஒருவன் தோற்கும் தறுவாயில், தன்னிடமுள்ள அடிமைகளுள் ஒருவனைத் தருவதாகக் கூறி உயிர்ப்பிச்சை கேட்பான். ஏற்றுக்கொண்டால் உமக்கு ஒரு மாலுமி கிடைப்பான். வணிகன் தன் வழியே போவான். இராட்சதச் சிலந்திகளின் பிடியில் அகப்பட்ட நிலையமொன்றிலுள்ளோர் உதவி கேட்பர். சென்றால் உம்முடைய மாலுமி ஒருவன் இறக்கவும் கூடும். செல்லாது விட்டால் உமக்கு யாதொரு நட்டமுமில்லை. இவ்வாறு எழுதப்பட்ட உலகில் இரக்கம் ஒரு செலவாகவும் கொடுமை ஒரு சேமிப்பாகவும் தோன்றுவதில் வியப்பென்ன? பத்துப் பயணங்களின் பின்னர் உதவிக்குரல் கேட்டபோது நான் அங்குள்ளோரின் முகங்களை நினைக்கவில்லை. கணக்குத்தான் பார்த்தேன்.

கிளர்ச்சியாளர் எதற்காகக் கிளர்ந்தனர் என்பதும் ஆடுபவனுக்கு மிகச் சொற்பமாகவே கூறப்படுகின்றது. அவர்கள் பின்னால் வருகின்றனர், ஆதலால் எதிரிகள், அவ்வளவே. ஓடுபவனுக்குக் காரணம் வினவ நேரமில்லை. அந்த நேரமின்மையும் விதியாக எழுதப்பட்டதே.

விளையாட்டென்றால் விதிகள் வேண்டும், நெருக்கடியின்றேல் சுவையேது என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆக்கியோரை நான் குற்றஞ் சாட்டவில்லை. அவர்கள் எவரையும் ஏமாற்றவில்லை. இது விளையாட்டென்று சொல்லியே தந்தனர். அன்றியும், பெரும்பாலான விளையாட்டுகள் மறைக்கும் ஓருண்மையை இது மறைக்கவில்லை. செய்ததை மீட்கமுடியாது என்பதே அது. சேமித்து வைத்த பழைய நிலைக்குத் திரும்ப இதில் இடமில்லை. கணினியிலுள்ள கோப்பைக் களவாகப் படியெடுத்து வைத்துக்கொண்டு, மாலுமி இறந்ததும் பின்னோக்கிச் செல்வோர் சிலர் உளர். அவர்களுக்கு மாலுமியின் உயிர் மதிப்பற்றுப் போகின்றது. மீளாமைதான் அவ்வுயிருக்கு மதிப்பளித்தது. இன்னொன்றுமுண்டு. இதிற் சண்டையின் நடுவே எக்கணத்தும் ஆட்டத்தை நிறுத்தி வைத்துச் சிந்திக்கலாம். நான் கதவைத் திறக்குமுன் ஆட்டம் நின்றுதான் இருந்தது. சிந்திக்க நேரமில்லை என்ற சமாதானமும் எனக்கில்லை.

எனது குறை வேறிடத்திலுள்ளது. மனிதர் எழுதிய விதியை இயற்கையின் விதியெனக் கொள்ளும் பழக்கம் விளையாட்டுடன் முடிந்துவிடுவதில்லை. ஈராண்டுகளுக்கு முன்னர், நான் கற்பிக்கும் பாடசாலையில் மாலை நேர விசேட வகுப்பொன்று தொடங்கினோம். கிடைத்த அறையில் இருபது பேருக்கே இடமிருந்தது. பரீட்சையிற் சித்தியடையக்கூடிய இருபதுபேரைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னுடையதாயிற்று. தெரிவுசெய்தேன். எஞ்சியோருள் ஒருத்தி சில வாரங்களின் பின் பாடசாலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பெறுபேறுகள் வந்தபோது எம்மைப் பாராட்டினர். வேறு வழியிருக்கவில்லை என்று நானும் சொல்லிக்கொண்டேன். அறையில் இருபது கதிரைகளே இருந்தன என்பது உண்மை. சித்தியெண்ணிக்கையைக் கொண்டே பாடசாலையை மதிக்கும் விதியை எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை. மண்டபத்தைத் திறந்து தரும்படியும் கேட்கவில்லை. காற்றை வெளியேற்றும் கதவைத் திறந்தபோது எனக்கு அவளது முகம் நினைவுக்கு வரவில்லை. மாணவன் 'விதி' என்று சொன்னபின்னரே வந்தது.

ஆகவே, 'வேறு வழியில்லை' என்ற கூற்றைக் கேட்கும்போது நாம் மூன்றினைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, உண்மையான தற்செயல்: அதற்கு எவரும் பொறுப்பில்லை. இரண்டாவது, நாமே முன்னர் செய்த தெரிவுகள்: அவற்றுக்கு நாம் பொறுப்பு. மூன்றாவது, பிறர் எழுதிய விதி: அதனை எழுதியோர் பொறுப்பு; அது எழுதப்பட்டதென அறிந்தபின்னும் வாளாவிருந்தால் நாமும் பொறுப்பு. முதலாவதைச் சொல்லி மற்றிரண்டையும் மறைப்பதே அச்சமாதானத்தின் தந்திரம்.

எஃப்.ரி.எல்.இன் விதிகளை ஆடுபவன் ஆட்டத்தினுள்ளிருந்து மாற்ற முடியாது. ஏற்றுக்கொண்டு ஆடலாம், அல்லது எழுந்து போகலாம். நாம் வாழும் சமுதாயத்திலிருந்து எழுந்து போக இடமில்லை. ஆனால் அதன் விதிகள் மனிதராலே எழுதப்பட்டவை. பலமுறை திருத்தியும் எழுதப்பட்டவை. பன்னிரண்டு மணிநேர வேலைநாளும் ஒருகாலத்தில் வேறு வழியில்லாததாகவே இருந்தது.

என் கப்பல் ஏழாம் மண்டலத்தில் அழிந்தது. அடுத்த பயணத்தில் நான் முதலிற் கதவுகளை வலுப்படுத்தினேன். இம்முறை விசேட வகுப்புத் தொடங்குமுன், மண்டபத்தின் திறப்பை அதிபரிடம் கேட்டிருக்கின்றேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை. மீண்டும் கேட்பேன்.