பிறர் துயரைப் பாடும் உரிமை

கண்டி நகருக்கு அயலிலுள்ள அம்பிட்டியவில் 1893ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் ஒரு குருமடத்தை ஸ்தாபித்தபோது, இந்தியாவின் ஆத்மாக்களுக்கு மீட்சியின் செய்தியைக் கொண்டு செல்ல வேண்டியவர்கள் அந்த மண்ணின் புதல்வர்களே என்னும் ஒரு பெரிய சித்தாந்தத்தை அதன் அஸ்திவாரமாக வைத்தார். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த மாணவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குன்றின்மீது இறையியல் கற்றார்கள். 1955இல் அந்த ஸ்தாபனம் புனே நகருக்குப் பெயர்ந்தது. ஒரு ஜனசமூகத்தின் வேதனையையும் நம்பிக்கையையும் உரைப்பதற்கு அந்தச் சமூகத்திலேயே பிறந்த நாவுதான் வேண்டுமா, அல்லது புறத்தேயிருந்து வந்தவரும் அதற்கு அருகராகலாமா என்ற கேள்வி, இவ்வாறு, அம்பிட்டியவுக்குப் புதியதன்று.

அம்பிட்டியவைக் கடந்து தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டைப் பக்கம் ஏறிச் செல்லும் மலைப்பாதையில் அதே கேள்வி வேறொரு கோலத்தில் நம்மை எதிர்கொள்கிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்தூரைத் தோட்டம் அந்தப் பிரதேசத்தைச் சேர்ந்தது; கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டதில், 1940 ஜனவரி 10ஆம் திகதி, கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்துறந்த முல்லோயாத் தோட்டமும் அந்தப் பிரதேசத்தைச் சேர்ந்ததே. அந்த 1940ஆம் ஆண்டிலேதான், மலைநாட்டுத் தோட்டங்களில் பாடியும் பாட்டுக் கட்டியும் வந்த மீனாட்சியம்மாள், ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற தலைப்பில் தமது பாடல்களை அச்சிட்டு வெளியிட்டார்.

மீனாட்சியம்மாள், தஞ்சைச் சீமையிலிருந்து இலங்கைக்கு வந்த பத்திரிகாசிரியரும் தொழிற்சங்க முன்னோடியுமான கோ. நடேசையரின் மனைவி. தோட்ட எல்லைக்குள் அந்நியர் காலடி வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட அந்நாளில், புடவை வியாபாரி வேஷத்தில், தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குள் புகுந்து அவர்களுடைய நிலையை நேரிற் கண்டறிந்தவர் நடேசையர். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற அவருடைய சரித்திரம் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய பிரசங்கம் நடந்த மேடைகளில் பாரதியின் பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் பாடி, எழுத்தறியாத ஜனங்களின் உள்ளத்தில் உரிமை என்ற எண்ணத்தை விதைத்த அம்மையாரைப் பற்றியோ, கணவருடைய வரலாற்றின் ஓரத்தில் சில வரிகள் எழுதுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இது நியாயமன்று. பேச்சு கூட்டம் கலைந்ததும் கலைந்துவிடும். பாட்டோ, கேட்டவரின் நாவில் ஏறிக்கொண்டு, கங்காணியின் காவலையும் துரையின் சட்டத்தையும் தாண்டி, மறுநாள் கொழுந்து மலைக்கே போய்ச் சேரும்.

ஆயினும், அம்மையார் லயத்தில் பிறந்தவரல்லர். முதுகிற் கூடை சுமந்து, அட்டை கடிக்க, மழையில் நனைந்த கம்பளியோடு நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தவரும் அல்லர். கொழுந்து குறைந்ததென்று, அரைநாட் கூலியே கிடைக்கும்படி அரைப்பேர் போடப்பட்ட ஒருத்தியின் மனக்கொதிப்பை, அதை அனுபவியாத ஒருவர் ‘நாம்’ என்று சொல்லிப் பாடுவது தர்மமாகுமா?

நமது பக்தி மரபு இதற்கு உடனே ஒரு விடை தருவதுபோலத் தோன்றும். பெரியாழ்வார் யசோதையாகிப் பாடினார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி உருகினார். மாணிக்கவாசகர் மார்கழி நீராடும் கன்னியரின் குரலையே தமது குரலாக்கிக்கொண்டார். ஆனால், சிந்தித்துப் பார்த்தால், இந்த உதாரணங்கள் நமது வினாவை முழுவதும் தீர்ப்பதில்லை. ஆழ்வாரும் அடிகளும் இரவல் வாங்கியது அன்பை. அன்பை இரவல் கொடுத்தவர் எதையும் இழப்பதில்லை. பசியும் அவமானமும் அத்தகையன அல்ல. ஒருவருடைய பசியைப் பாடி மற்றொருவர் புகழ் பெறுவது, அந்தப் பசித்தவரிடமிருந்தே இன்னொன்றைப் பறித்துக்கொள்வதாகவும் முடியலாம். கொழுந்தையும் கொடுத்து, கண்ணீரையும் கொடுத்து, அந்தக் கண்ணீருக்குரிய பெயரையும் கொடுத்துவிட்டு நிற்பது அந்த ஜனங்களுக்கு விதிக்கப்பட்டதா?

இவ்விடத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரை நினைக்கிறேன். பிராமண குலத்திற் பிறந்த அவர், பெரிய புராணத்தில் இல்லாத ஒரு வேதியப் பண்ணையாரைத் தமது நந்தனார் சரித்திரத்திற் புகுத்தி, தில்லைக்குப் போக உத்தரவு கேட்டு அடிமையொருவன் எஜமானன் முன்னே நிற்கும் நிலையைக் கீர்த்தனைகளில் வடித்தார். சேக்கிழார் காட்டிய நந்தனுக்குத் தடையாக நின்றது குலம். பாரதியாரின் நந்தனுக்கோ, குலத்தோடு வேலையும் தடையாக நின்றது. அந்த ஒரு மாற்றத்தினால் பண்ணை ஆளின் துன்பம் பக்தியின் பரப்புக்குள் வந்து சேர்ந்தது. தமது சாதியாரின் கொடுமையைத் தாமே பாடி, அவர்கள் காதிலும் விழச் செய்தார் என்பதுதான் அவருக்கு நந்தனைப் பாடும் அதிகாரத்தைத் தந்தது என்பது என் அபிப்பிராயம்.

மீனாட்சியம்மாளுக்கும் இதே அளவுகோலைப் பிரயோகிக்கலாம். அவர் தொழிலாளரைப் பற்றி, தொழிலாளர் இல்லாத சபைகளிலே, கருணை வேண்டிப் பாடியவரல்லர். அவர்கள் முன்னிலையில், அவர்களுக்குப் பழகிய மெட்டிலே, அவர்களை நோக்கியே பாடினார். பாட்டிற் பிழையிருந்தால் முகத்துக்கு நேரே மறுக்கக்கூடியவர்கள்தாம் அவருடைய சபையோர். 1939இல் இலங்கை அரசாங்கம் இந்திய நாட்கூலிகளை வேலையிலிருந்து நீக்கத் தலைப்பட்டு, நாடெங்கும் இந்தியர்மீது வெறுப்பு மூண்டிருந்த காலத்தில் அந்தப் பாடல்கள் பிறந்தன. அந்தப் பிரச்சினையில் அவரும் ‘இந்தியர்’ என்ற சொல்லுக்குள் அடங்கியவரே. பாடியதற்கு வந்த பகையில் அவருக்கும் பங்கு இருந்தது. துன்பத்தின் அனுபவத்தில் முழுப் பங்கு இல்லாதவர், அதன் விளைவிலேனும் பங்கு ஏற்பாராயின், ‘நாம்’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்றே கருதுகிறேன்.

அதனால் அம்பிட்டியக் குருமடத்தின் சித்தாந்தம் பொய்யாகிவிடாது. வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, அந்த மண்ணின் புதல்வராகவே எழுந்து, 1947இல் பாராளுமன்றத்துக்கும் சென்று, மலைநாட்டுத் தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது, புறத்தேயிருந்து வந்த எந்தக் குரலும் எட்டாத ஓர் ஆழம் அங்கே இருந்தது தெரியவந்தது. கடல் கடந்து வந்த வழியில் மாண்டவரையும், ஆள்கட்டிய கங்காணியையும், தொட்டிலில் விட்டு வந்த பிள்ளையையும் பாடிய அந்தப் பெண்கள், தம் துயரைப் பாட எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. ஆனால் அவர்களுடைய பெயர்கள் நம்மிடம் இல்லை. நாட்டார் பாடல் என்று சொல்லி, பாடியவரை மறந்துவிடுவது நமது தமிழ்ப் பதிப்புலகத்தின் நெடுநாள் வழக்கம்.

ஹேவாஹெட்டை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லயங்களிலே தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று பாட்டு எழுதிக்கொள்ளும் மாணவர்களும் ஆசிரியர்களும், பாட்டின் கீழே பாடியவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும், அவர் சம்மதத்தோடு, மறவாமல் எழுதுவார்களாக.