மூக்கில் கொஞ்சம் களிமண்

மங்கலம்பேட்டையில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு குட்டி விமானம் நிற்கிறது. பைப்பர் கப் மாதிரி. இறக்கை முனைக்கு முனை ஒன்றரை அடி. பால்சா குச்சிகளை ஒட்டி, மேலே மெல்லிய காகிதம் போர்த்தி, மஞ்சள் அடித்தேன். பறக்கவிட இல்லை, பார்வைக்கு வைக்க.

பால்சா தென் அமெரிக்க மரம். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 160 கிலோதான். தேக்கு 600-ஐத் தாண்டும். வரைபடத்தைப் பலகையில் விரித்து, பாலித்தீன் தாள் போட்டு, அரைக்கால் அங்குலக் குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். ஒரு மாலை, இறக்கையின் நெடுக ஓடி அதைத் தாங்கும் குச்சி விரல் பட்டு நடுவில் விரிந்தது. பசை தடவி மூடினேன். சரியாகச் சேரவில்லை.

சித்தப்பா பார்த்தார். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்ப்பவர். "உடுடா. நிக்கத்தானே போவுது, பறக்கவா போவுது?" என்றார்.

இதைச் சொன்னவர் யார் என்பதுதான் வேடிக்கை. பிளாஸ்டர் அச்சில் மண்கரைசலை ஊற்றுவார். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் சுவராகப் படியும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் பொம்மை, உள்ளே வெற்றிடம். அந்தப் பச்சைப் பொம்மையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, மயிரிழை விரிசலுக்குக்கூடக் கழித்துவிடுவார். "நீங்க மட்டும் ஏன் பாக்கறீங்க?" என்றேன்.

"சூளை காட்டிக் குடுத்துரும்டா. ஒன்னோடத யாரு காட்டிக் குடுக்கப்போறா?"

அன்று இரவு தூக்கம் வரவில்லை. காட்டிக்கொடுக்க யாருமில்லாத இடத்தில் சரி, தப்பு என்று ஒன்று உண்டா?

'மனசாட்சி' என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. கொலுவில் வைக்கும் மண் மாம்பழத்தைத் தின்ன முடியாது. அதனால் அது பொய்யாகிவிடுமா? தின்னலாம் என்று அது சொல்லவே இல்லையே. என் விமானமும் பறப்பேன் என்று சொல்லவில்லை. சித்தப்பா கட்சி பலமானதுதான்.

ஆனால் தோற்றம் மட்டும் போதுமென்றால் ஒரு கட்டையைச் செதுக்கியிருக்கலாம். நான் குச்சியைத் தேர்ந்தேன். குச்சி விமானம் பெரிய விமானத்தின் நகல் இல்லை, அதற்கு அண்ணன். 1871-இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ ரப்பர் முறுக்கில் ஓட்டிய மாதிரி 11 விநாடி பறந்தது. 1903-இல் ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் 12 விநாடி. ஒவ்வொரு குச்சியும் ஒரு வேலைக்காக அங்கே இருக்கிறது. வேலை செய்யாத குச்சியை அங்கே வைத்தால், அது குச்சியின் படம்தான்.

இன்னொன்றும் தோன்றியது. பேசத் தெரிந்தவர் பேசாமலிருந்தால் அதற்கு மௌனம் என்று பெயர். பேச்சே வராதவரை அப்படிச் சொல்வதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பறக்காமல் நிற்பதும், பறக்க முடியாமல் நிற்பதும் அலமாரியில் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் செய்தவனுக்கு மட்டும் தெரியும். அந்த ஒருவனுக்காக அவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், மற்ற எல்லாரும் அவன் வாயிலிருந்து வரும் பதிலைத்தானே நம்பப்போகிறார்கள்?

மறுநாள் அந்தக் குச்சியைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக வைத்தேன். இரண்டு மாலை போனது. காகிதம் போர்த்தி, வண்ணம் காய்ந்தபின், இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் முனையில் நிறுத்திப் பார்த்தேன். வால் தாழ்ந்தது. அலமாரியில் நிற்க அது ஒரு குறையே இல்லை. ஆனாலும் சித்தப்பாவிடம் கொஞ்சம் களிமண் வாங்கி மூக்கின் உள்பக்கம் அப்பினேன். மட்டமாக நின்றது. அவர் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுச் சிறுமி வந்தால் கேட்பாள்: "அண்ணா, இது பறக்குமா?"

"பறக்கும். நான்தான் உடல" என்கிறேன்.